22 சதவீதம் காட்டிக்கொண்டே நின்றுபோன கார்: மடிப்பாக்கத்து மின்கார் ஒன்றின் கதை

2025 மே மாதத்தின் கடைசி ஞாயிறு, இரவு ஒன்பதே முக்கால். அத்தானிடமிருந்து போன்.

"மாப்ள, வண்டி நின்னுட்டுது. சிங்கப்பெருமாள் கோயில்கிட்ட இருக்கோம். இப்பதான் இருபத்திரண்டு காட்டுச்சு. ரெண்டு கிலோமீட்டர்ல ஒம்பதுக்கு வந்துச்சு, அப்புறம் வேகத்தைக் குறைக்கிற ஆமை பொம்மை வந்துச்சு, அவ்வளவுதான்."

பின்னால் அக்காவின் குரல்: "பலாப்பழம் ரெண்டு உள்ள இருக்கு, ஏ.சி.யும் இல்லை, உட்கார முடியலைன்னு சொல்லுங்க."

பண்ருட்டியில் ஒரு வளைகாப்புக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பண்ருட்டிக்கு மே மாதம் போய்விட்டுப் பலாப்பழம் இல்லாமல் யார் வருவார்? கடைசியில் பழமும் காரும் ஒரே லாரியின் முதுகில் ஏறி, நடு இரவுக்கு மேல் மடிப்பாக்கம் வந்து சேர்ந்தன.

நான் இருபது வருஷம் யூ.பி.எஸ். பேட்டரிகளோடு குப்பை கொட்டியவன். அதனால் மறுநாள் காலையிலேயே அங்கே ஆஜர். அன்று தொடங்கிய விசாரணை முடிய மூன்று மாதம் ஆனது. கார் எந்தக் கம்பெனியுடையது என்று எழுதப்போவதில்லை. இந்தக் கோளாறு ஒரு கம்பெனிக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை.

முதலில் வண்டியின் ஜாதகம். 2022 ஏப்ரலில் வாங்கியது. பேட்டரியில் நாம் எடுத்துப் பயன்படுத்தக்கூடியது 38 யூனிட். வகை எல்.எஃப்.பி., அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். திரவக் குளிரூட்டல் உண்டு. பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி. நின்ற அன்று ஓடியிருந்தது ஏறத்தாழ 46,000 கிலோமீட்டர்.

அத்தானுக்கு வேலை சிறுசேரி சிப்காட்டில். மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகப் போய்வர ஒரு நாளைக்கு 45 கிலோமீட்டர். மெட்ரோ வேலையால் ஓ.எம்.ஆர். பாதி நாள் ஊர்ந்துதான் போகும். பெட்ரோல் கார் அங்கே நின்று நின்று எரிபொருளைக் குடிக்கும். மின்காருக்கு அது கிட்டத்தட்ட சொந்த மைதானம். ஒவ்வொரு பிரேக்கிலும் கொஞ்சம் மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும். நின்றிருக்கும்போது ஏ.சி. மட்டும்தான் செலவு. அந்தப் பாதையில் நூறு கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை யூனிட் என்பது அவர் நோட்டில் எழுதி வைத்த சராசரி. அதாவது ஆபீஸ் போய்வந்தால் பேட்டரியில் 15 சதவீதம் குறையும். மூன்று நாளைக்கு ஒருமுறை, இரவில், ஸ்டில்ட் பார்க்கிங்கில் (கட்டடத்துக்கு அடியில், தூண்களுக்கு நடுவே) இருக்கும் 15 ஆம்பியர் பிளக்கில் மாட்டுவார். 80 வந்ததும் நின்றுவிடும்படி செட் செய்திருந்தார். மூன்று வருஷம் இப்படித்தான். பேட்டரியால் எந்தத் தொல்லையும் இல்லை.

அந்தத் தொல்லையில்லாத பழக்கத்தில்தான் கோளாறின் வேர் இருந்தது. அது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது.

சம்பவத்தன்று போகும்போது திண்டிவனத்தில் ஒருமுறை வேக சார்ஜரில் ஏற்றியிருக்கிறார்கள். திரும்பும்போது விக்கிரவாண்டி அருகே இன்னொரு முறை. அங்கே இருந்தது ஒரே சார்ஜிங் துப்பாக்கி, அதாவது காரில் செருகும் முனை. பின்னால் காத்திருந்தவர் முறைத்துக்கொண்டே நின்றதால் 68-லேயே பிடுங்கிவிட்டுக் கிளம்பினார் அத்தான். வீட்டுக்கு 140 சொச்சம் கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் நூறுக்கு 17 யூனிட், வீடு சேரும்போது மூன்று நாலு சதவீதம் மிஞ்சும், போதாவிட்டால் வண்டலூர் பக்கம் பத்து நிமிடம் போட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. கணக்கில் தப்பில்லை. விக்கிரவாண்டியிலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை நூறு கிலோமீட்டர் சொச்சம். செலவான 46 சதவீதம் அதற்குச் சரியாகப் பொருந்துகிறது. தொடங்கிய 68-தான் பொய்.

மறுநாள் காலை ஓ.பி.டி. டாங்கிளை, அதாவது காரின் கணினி சொல்வதைப் போனுக்கு அனுப்பும் சின்னக் கருவியை, மாட்டி, போன் செயலியில் செல் வோல்டேஜ்களைப் பார்த்தேன். இந்த டாங்கிள் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. மின்கார் வைத்திருப்பவர்கள் சீட் கவர் வாங்கும் காசில் இதை வாங்கலாம் என்பது என் கட்சி. நூற்றுச் சொச்சம் செல்கள் தொடராக இணைந்த பேக் அது. பெரும்பாலான செல்கள் 3.1 வோல்ட்டை ஒட்டி இருந்தன. 63-ஆம் எண் செல் மட்டும் 2.74.

தொடரில் இருக்கும் செல்களின் நிலைமை கல்யாணப் பந்தி மாதிரி. ஒருவர் கை கழுவ எழுந்துவிட்டால் மற்றவர்கள் இலையில் பாயசம் இருந்தாலும் அந்தப் பந்தி முடிந்தது. ஒரு செல் அடிமட்ட வோல்டேஜைத் தொட்டதும் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரியை மேய்க்கும் மின்னணுப் பலகை, மொத்த வண்டியையும் நிறுத்திவிடும். நிறுத்தத்தான் வேண்டும், அதற்கும் கீழே இழுத்தால் அந்தச் செல் நிரந்தரமாகக் கெடும். ஆக அன்று இரவு வண்டி செய்தது சரியான காரியம்.

சர்வீஸ் சென்டரில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வேக சார்ஜரில் 80 வரை ஏற்றி, பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, "பேக் வீக் ஆயிட்டிருக்கு சார், சென்னை வெயிலுக்கு இப்படித்தான் ஆகும், மறுபடி வந்தா கிளெய்ம் போடலாம்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். அத்தான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெரியவர், "பேட்டரி மாத்தணும்னா பாதி கார் விலை" என்று வேறு போட்டிருந்தார்.

எனக்கு அந்த 'வீக்' என்ற வார்த்தை செரிக்கவில்லை. ஒரு பேட்டரி ஏமாற்றுவதற்கு மூன்று தனித்தனி வழிகள் உண்டு. கொள்ளளவே தேய்ந்திருக்கலாம். செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு வந்திருக்கலாம். அல்லது உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் கணக்கு பிசகியிருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. சர்வீஸ் சென்டர் மூன்றையும் ஒரே வார்த்தையில் போட்டு மூடிவிட்டது.

கணக்குப் பிசகை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் பெரிய திருடன் அதுதான். நம் போன்களில் இருக்கும் கோபால்ட் கலந்த லித்தியம் செல்லிலும், பல கார்களில் இருக்கும் நிக்கல் கலந்த லித்தியம் செல்லிலும், சார்ஜ் குறையக் குறைய வோல்டேஜும் படிப்படியாக இறங்கும். வோல்டேஜைப் பார்த்தே மீதியை ஓரளவு சொல்லிவிடலாம். எல்.எஃப்.பி. அப்படியில்லை. இருபதிலிருந்து எண்பது சதவீதம் வரை ஒரு செல்லின் வோல்டேஜ் மாறுவது பத்தில் ஒரு வோல்ட் அளவுதான். நெல்வயல் போலத் தட்டை. எனவே பி.எம்.எஸ். வோல்டேஜை நம்பாமல், உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்த ஆம்பியரையும் கூட்டிக் கழித்துத்தான் சதவீதம் சொல்கிறது. ஒவ்வொரு நாளும் அதில் துளித் துளியாகப் பிழை சேரும். முழுதாக நிரம்பும்போதோ ஏறக்குறையக் காலியாகும்போதோ மட்டும் வோல்டேஜ் சட்டென்று மாறும். அப்போதுதான் கணக்கைத் திருத்திக்கொள்ள முடியும். வருஷக்கணக்காக இருப்பு எடுக்காமல் பேரேட்டை மட்டும் எழுதிக்கொண்டிருக்கும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் மூன்று வருஷமாக முப்பத்தைந்துக்கும் எண்பதுக்கும் நடுவிலேயே ஓட்டியிருக்கிறார். முகடும் தொடவில்லை, தரையும் தொடவில்லை. 80-க்கு மேல் ஏற்றினால் பேட்டரி கெட்டுவிடும் என்பது போனுக்குச் சொல்லப்படும் புத்திமதி. எதிர் பிளாட்டுக்காரரின் நிக்கல் பேட்டரி காருக்கும் அது பொருந்தும். இந்த வண்டிக்கு அது பொருந்தாது. டாஷ்போர்டு பெட்டியில் பாலிதீன் உறைகூடப் பிரிக்காமல் இருந்த கையேட்டில், வாரம் ஒருமுறை மெதுவான சார்ஜரில் 100 வரை ஏற்றவும் என்று கட்டம் போட்டு அச்சிட்டிருந்தது. அதை அக்காதான் கண்டுபிடித்துச் சத்தமாகப் படித்தாள். அத்தான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

(ஓர் இடைச்செருகல். இந்த இரும்பு பாஸ்பேட் வேதியியலை உலகுக்குச் சொன்ன 1997-ஆம் ஆண்டுக் கட்டுரையில் மூன்று பெயர்கள்: ஏ.கே. பாதி, கே.எஸ். நஞ்சுண்டசாமி, ஜான் குட்இனஃப். டெக்சாஸ் பல்கலைக்கழக வேலை அது. மூன்றாமவருக்கு 2019-இல் நோபல் கிடைத்தது. முதல் இரண்டும் நம் நாட்டுப் பெயர்கள் என்பதை ஏனோ யாரும் பேசுவதில்லை.)

இரண்டாவது, ஏற்றத்தாழ்வு. 63-ஆம் செல் காலியானபோது மற்றவற்றில் ஏழு சதவீதம் போல மிச்சம் இருந்தது என்பது என் மதிப்பீடு. செல்களைச் சமன்படுத்தும் வேலையையும் பி.எம்.எஸ். பெரும்பாலும் உச்சத்தை நெருங்கும்போதுதான் செய்யும்: முந்தி நிரம்பிய செல்களின் மின்சாரத்தைச் சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கசியவிட்டு, பிந்தியவை வந்து சேரக் காத்திருக்கும். எண்பதிலேயே பிடுங்கிவிட்டால் அந்த வேலை நடக்கவே நடக்காது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 38 யூனிட் பேக்கில் ஒரு செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 114 ஆம்பியர்-மணி. அதில் ஏழு சதவீதம் என்றால் 8. கசியும் மின்னோட்டம் பத்தில் ஒரு ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் எண்பது மணி நேரம் வேண்டும். ஒரே இரவில் முடிகிற விஷயம் இல்லை. வேக சார்ஜரில் இரண்டு நாள் வைத்ததால் ஒன்றும் ஆகாததற்குக் காரணமும் அதுதான்.

ஜூனிலும் ஜூலையிலுமாக ஒன்பது முறை, மெதுவான பிளக்கில் 100 வரை ஏற்றி, அதன் பிறகும் எட்டு, பத்து மணி நேரம் பிளக்கைப் பிடுங்காமல் விட்டோம். முதல் தடவை உச்சத்தில் செல்களுக்கிடையே வித்தியாசம் 210 மில்லிவோல்ட். மூன்றாவது தடவை 120. ஒன்பதாவது தடவை 18. இரவில் பார்க்கிங்கில் டார்ச்சும் போனுமாக நான் நிற்பதைப் பார்த்து வாட்ச்மேன் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மூன்றாவது கேள்விக்கு, அதாவது உண்மையிலேயே தேய்ந்திருக்கிறதா என்பதற்கு, ஆகஸ்டில்தான் பதில் கிடைத்தது. வண்டியை ஈ.சி.ஆரில் ஓட்டி 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, பிளக்குக்கு முன்னால் தனி மீட்டர் வைத்து, 100 வரை ஏற்றினோம். பதினோரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. மீட்டரில் 37.9 யூனிட். சார்ஜரில் சூடாகப் போவது நூற்றுக்குப் பன்னிரண்டு என்று கழித்தால் பேட்டரிக்குள் போனது 33.4. அது 94 சதவீதத்துக்கு; முழுசுக்கு 35.5. புதிதில் 38. ஆக மிச்சம் 93 சதவீதம், மூன்றே கால் வருஷத்துக்கும் சென்னை வெயிலுக்கும் பிறகு. அந்தப் பன்னிரண்டு நான் வைத்த அனுமானம் என்பதால் ஒன்றிரண்டு சதவீதம் அப்படி இப்படி இருக்கலாம். பேட்டரி 'வீக்' இல்லை என்று சொல்ல இது போதும்.

வெயில் ஒன்றும் செய்யாது என்று சொல்ல வரவில்லை. பேட்டரி சூடாக இருக்க இருக்க வேகமாக மூப்படையும், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும். 2012 வாக்கில் அமெரிக்காவின் அரிசோனாவில் நிசான் லீஃப் வைத்திருந்தவர்கள் அதை நன்றாக அனுபவித்தார்கள். அந்த வண்டியின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. பிறகு அந்தக் கம்பெனி 5 ஆண்டு, 60,000 மைல் கொள்ளளவு உத்தரவாதம் கொடுக்க வேண்டிவந்தது. 2003 மே மாதம் 45 டிகிரி பார்த்த ஊர் நம்முடையது. ஆனாலும் கத்திரியில் நான் இந்த பேக்கில் பார்த்த அதிகபட்சம் 38 டிகிரி. திரவக் குளிரூட்டலும் ஸ்டில்ட் பார்க்கிங்கின் நிழலும் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. திறந்தவெளியில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்கு இந்த 93-ஐ நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முழுதாக ஏற்றியதை வெயிலில் வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் எல்.எஃப்.பி.க்கு ஆகாது. அதனால் சனி இரவு மாட்டி, ஞாயிறு காலை நிரம்பி, அன்றைக்கே அக்காவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிற மாதிரி ஏற்பாடு. மற்ற நாட்களில் பழையபடி 80.

பெரிய பேட்டரி நான்கு வருஷத்தில் ஒரு இரவு காலை வாரியது. அதைச் சுற்றியிருப்பவை வாரியது அதிகம்.

2023 ஏப்ரலில், ராத்திரி மாட்டிய சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றது. காலையில் ஏற்றம் பூஜ்யம். இரண்டு நாள் சார்ஜர் போச்சு என்றே நினைத்தார்கள். நான் போய் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால் 14 வோல்ட். கட்டடத்தின் எர்த் பிட், அதாவது எர்த் கம்பி இறங்கும் குழி, ஒரு அலங்கார டைலுக்கு அடியில் வறண்டு கிடந்தது. பில்டர் கரியோடு போட்ட உப்பு எந்தக் காலத்திலேயோ கரைந்து போயிருந்தது. ஃபிரிட்ஜும் மோட்டாரும் எர்த் கெட்டாலும் வாய் திறக்காமல் ஓடும். மின்காரின் சார்ஜர் மட்டும்தான் பிடிவாதமாக மறுக்கும். நாலு பக்கெட் தண்ணீர் ஊற்றியதும் அன்றைக்கே வேலை செய்தது. பிறகு தனியாக ஒரு பிட் தோண்டினோம். செலவு ஒன்பதாயிரம். சங்கத்தின் அனுமதி வாங்க ஆன நாட்கள் நாற்பது. மின்கார் வாங்கப்போகிறவர்கள் டெஸ்ட் டிரைவுக்கு முன்னால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்த்துக்கொள்வது உத்தமம்.

2024 ஆகஸ்டில் இன்னொன்று. காலையில் வண்டி கதவே திறக்கவில்லை. முந்தைய நாள் 71 சதவீதம் இருந்தது. விஷயம் என்னவென்றால், மின்காரிலும் ஒரு சாதாரண 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரி உண்டு. பெரிய பேட்டரியை வண்டியோடு இணைக்கும் கான்டாக்டரை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் பெரிய சுவிட்சை, இழுக்க அந்தச் சின்னதுதான் வேண்டும். அது செத்தால், கொல்லைக் கிணற்றில் தண்ணீர் இருந்தும் வாளி இல்லாத கதை. சென்னைச் சூட்டில் இரண்டரை வருஷத்தில் செத்துவிட்டது. பெட்ரோல் காராக இருந்தால் ஸ்டார்ட்டர் இழுக்கும் சத்தத்திலேயே முன்கூட்டித் தெரியும். இதில் எச்சரிக்கையே இல்லை. பக்கத்து வீட்டின் பழைய மாருதி 800-லிருந்து ஜம்பர் கேபிள் போட்டு உயிர் கொடுத்தோம். அந்த வீட்டுக்காரர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அத்தான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது இரண்டு வருஷம் ஆனதும் கேள்வி கேட்காமல் அதை மாற்றிவிடுவது என்று முடிவு.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கு முதல் நாளே வண்டியை மேட்டிலிருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஸ்டில்டில் முழங்கால் தண்ணீர் நின்றது. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசை கட்டி நின்ற கார்களில் இதுவும் ஒன்று. பேட்டரிக்கு ஐ.பி.67 என்ற நீர்புகாத் தரம் இருக்கிறதே என்பார்கள். அது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரத்துக்கான சோதனை. மடிப்பாக்கத்துத் தண்ணீர் அரை மணியில் வடிகிற தண்ணீர் இல்லை, வெறும் தண்ணீரும் இல்லை.

செலவுக் கணக்கில் ஒரு கண்ணி உண்டு. நம் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அடுக்கு முறையில். வீட்டுக்கு மட்டும் 420 யூனிட் ஆகிக்கொண்டிருந்தது. காருக்கு 370 கூடியதும் 500-ஐத் தாண்டிவிட்டது. தாண்டியதும் மேல் யூனிட்டுகளுக்கு எட்டு, ஒன்பது ரூபாய்க்கு மேல் போவது மட்டுமில்லை, கீழ் அடுக்கில் இருந்த சலுகை விலையும் பறிபோகும். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் காருக்குப் போகும் யூனிட் ஒன்பது ரூபாய் சொச்சம் விழுகிறது. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குள். லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில், நகரத்தில் பதினாலு கொடுக்கும் கார் என்றால் ஏழு ரூபாய்க்கு மேல். யூனிட் ஐந்து ரூபாய்தானே என்று கணக்குப் போட்டு வாங்கினால் முதல் பில்லில் முகம் சுருங்கும். அப்படியும் மிச்சம்தான்.

நவம்பரில் மறுபடி பண்ருட்டி போனார்கள், குழந்தையைப் பார்க்க. அதே விக்கிரவாண்டி சார்ஜர். இந்த முறை 75-இல் கிளம்பி, மடிப்பாக்கம் வரும்போது 11 காட்டியது. நான் வாசலிலேயே டாங்கிளோடு நின்றேன். செல்களெல்லாம் 3.18-ஐ ஒட்டி நின்றன. 63 மட்டும் 3.13.

உச்சத்தில் மற்றவற்றோடு சேர்ந்து நிரம்பி, அடியில் மட்டும் முந்தி இறங்குகிறது என்றால் அது வெறும் சமனின்மை இல்லை. அந்தச் செல்லின் கொள்ளளவே ஒரு நூல் குறைவு. இப்போதைக்கு அது யாரையும் வழியில் நிறுத்தாது. மாதம் ஒருமுறை அதன் வோல்டேஜைத் தேதியோடு எழுதி வைக்கிறேன். வாரன்டி 2030 ஏப்ரல் வரை இருக்கிறது. அதற்குள் 63 இன்னும் இறங்கினால், சர்வீஸ் சென்டர் மேஜையில் வைக்க இந்த முறை கையில் நோட்டு இருக்கும்.